மடிக்கணினியில் வைஃபை காணவில்லை: மூன்று டிரைவர்களில் எதை எடுப்பது?

பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மகளின் கல்லூரிப் படிப்புக்காக 2019-இல் வாங்கிய மடிக்கணினி எங்கள் வீட்டில் இருக்கிறது. மெல்லிய மாடல் என்பதால் அதில் லேன் கேபிள் செருக இடமில்லை. இணையம் என்றால் வைஃபை மட்டும்தான். அதிலிருந்த ஹார்டு டிஸ்க் மிகவும் மெதுவாகிவிட்டதால், அதைக் கழற்றிவிட்டுப் புதிய எஸ்எஸ்டி பொருத்தி, பென் டிரைவிலிருந்து 64 பிட் விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினோம். திரை, ஒலி, டச்பேட் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. வைஃபைக்கான குறி மட்டும் கீழ்ப்பட்டையில் வரவே இல்லை.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால், 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்றும் 'அன்னோன் டிவைஸ்' என்றும் இரண்டு வரிகள் மஞ்சள் முக்கோணத்துடன் நிற்கின்றன. முதல் வரியைத் திறந்தால் இந்தச் சாதனத்துக்கு டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) நிறுவப்படவில்லை என்றும், அதன் அருகே 'கோட் 28' என்றும் காட்டுகிறது.

தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடியபோது, ஒரே மாடலுக்கு இன்டெல், ரியல்டெக், குவால்காம் ஏதெரோஸ் என மூன்று தனித்தனி வைஃபை டிரைவர்கள் இருக்கின்றன. எங்கள் கணினிக்கு எது என்று அந்தப் பக்கத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அருகிலுள்ள பழுதுபார்க்கும் கடையில் காட்டியதற்கு, வைஃபை கார்டு போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்கிறார்கள். உறவினர் ஒருவர், எல்லா டிரைவர்களையும் தானாகவே கண்டுபிடித்துப் போட்டுவிடும் இலவச மென்பொருள் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்.

கார்டு உண்மையிலேயே பழுதா, மூன்றில் எது எங்களுக்குரியது, இணையமே இல்லாத கணினிக்குள் அதை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

செப்புக்கம்பி

புதிய கார்டுக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலிருந்தே ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. கார்டு முற்றிலும் செயலிழந்திருந்தால் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியே வந்திருக்காது. கணினி இயங்கத் தொடங்கும்போது தன்னோடு இணைந்துள்ள ஒவ்வொரு சாதனத்தையும் நீ யார் என்று கேட்கிறது. கார்டிலுள்ள சிப் அதற்குத் தன் எண்ணைச் சொல்லிப் பதிலளிக்கிறது. உங்கள் கார்டு பதில் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணுக்குப் பொருந்தும் டிரைவர் விண்டோஸிடம் கைவசம் இல்லை என்பதைத்தான் கோட் 28 தெரிவிக்கிறது. ஆன்டெனாவோ சிப்பின் ரேடியோ பகுதியோ நன்றாக இருக்கிறது என்பதற்கு இது உத்தரவாதம் ஆகாது. ஆனால் டிரைவரே இல்லாத நிலையில் அவற்றைப் பழுது என்று தீர்மானிக்க எவராலும் இயலாது. டிரைவர் இருந்தும் கோட் 10 அல்லது கோட் 43 வந்தால், அப்போதுதான் தவறான டிரைவரா, வன்பொருள் கோளாறா என்று சந்தேகிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் வரியே தென்படாவிட்டால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பில்) அணைக்கப்பட்டிருக்கிறதா, கார்டு அதன் இடத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி, மூன்றில் எது என்ற கேள்வி. மடிக்கணினி நிறுவனங்கள் வைஃபை சிப்பைத் தாங்களே தயாரிப்பதில்லை. ஒரே மாடலில் அந்தந்தச் சமயத்தில் கிடைக்கும் கார்டைப் பொருத்தி விற்கிறார்கள். ஆகவே உங்கள் கணினியின் மூடியில் உள்ள பெயரும் மாடல் எண்ணும் இந்தக் கேள்விக்குப் பதில் தராது. சிப் சொல்லும் எண்தான் பதில் தரும்.

'நெட்வொர்க் கன்ட்ரோலர்' வரியின் மீது வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் திறந்து, டீடெய்ல்ஸ் என்ற தாவலுக்குச் சென்று, மேலே உள்ள பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கைந்து நீளமான வரிகள் வரும். முதல் வரியில் பிசிஐ (கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் முறை) என்ற சொல்லுக்குப் பிறகு 'வென்' என்று தொடங்கி நான்கு குறிகள் இருக்கும். அவை சிப் தயாரிப்பாளரைக் குறிப்பவை. அடுத்து 'டெவ்' என்று தொடங்கும் நான்கு குறிகள், அந்தத் தயாரிப்பாளரின் எந்தச் சிப் என்பதைச் சொல்பவை. மூன்றாவதாக 'சப்சிஸ்' என்று தொடங்கும் எட்டுக் குறிகளில் கடைசி நான்கு, அந்தக் கார்டை எந்தக் கணினி நிறுவனத்துக்காகச் செய்தார்கள் என்பதைக் காட்டும்: 103சி என்றால் எச்பி, 17ஏஏ என்றால் லெனோவோ, 1028 என்றால் டெல், 1043 என்றால் ஏசஸ், 1025 என்றால் ஏசர்.

இவை பதினாறடிமான எண்கள் என்பதால் பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் மட்டுமே இடம்பெறும். ஓ என்ற எழுத்து வரவே வராது. வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான். பி எழுத்தையும் எட்டையும் மட்டும் கவனமாகப் பார்த்து எழுதுங்கள்.

தயாரிப்பாளர் எண்களைப் பிசிஐ-சிக் என்ற தொழில்துறை அமைப்பு வழங்குகிறது. இன்டெல்லின் எண் 8086. 1978-இல் வந்த அதன் புகழ்பெற்ற பிராசஸரின் பெயரையே எண்ணாகவும் வைத்துக்கொண்டார்கள். ரியல்டெக்குக்கு 10இசி, பிராட்காமுக்கு 14இ4, ஏதெரோஸுக்கு 168சி, மீடியாடெக்குக்கு 14சி3, ரேலிங்க்குக்கு 1814. நிறுவனங்கள் கைமாறினாலும் ஏற்கெனவே வெளிவந்த சிப்களில் உள்ள எண் மாறுவதில்லை. ஏதெரோஸை குவால்காமும், ரேலிங்க்கை மீடியாடெக்கும் 2011-இல் வாங்கிவிட்டன. எனவே 168சி என்று கண்டால் குவால்காம் ஏதெரோஸ் என்ற பெயரிலும், 1814 என்று கண்டால் மீடியாடெக் பெயரிலும் தேட வேண்டும். பழைய கார்டுகளுக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்களில் பலர், மறைந்துபோன நிறுவனத்தின் தளத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்கள்தான்.

அந்த முதல் வரியை இங்கே பதியுங்கள். 'அன்னோன் டிவைஸ்' வரிக்கும் இதே முறையில் ஐடியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை

செப்புக்கம்பி ஐடியைப் பற்றி விளக்கிவிட்டார். டிரைவரை உள்ளே கொண்டுசெல்லும் வழியை நான் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதை யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். அந்த முறையில் போன் ஒரு நெட்வொர்க் கார்டைப் போலக் கணினிக்குத் தெரியும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களுக்குத் தேவையான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. போன் உங்கள் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் அந்த இணைப்பையே கேபிள் வழியாகக் கணினிக்குத் தரும் என்பதால் மொபைல் டேட்டாவும் செலவாகாது. கேபிள் மட்டும் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவு வகையாக இருக்கக் கூடாது. உள்ளே தகவல் செல்லும் கம்பிகளும் இருக்க வேண்டும். ஐபோனுக்கு இந்த வழி இவ்வளவு எளிதாக அமையாது. அதற்கு ஆப்பிளின் டிரைவரை முதலில் நிறுவ வேண்டியிருக்கும்.

இணைப்பு வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் பல நேரங்களில் உரிய டிரைவர் தானாகவே வந்துவிடும். 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற பகுதிக்குள்ளும் பாருங்கள்; அங்கே டிரைவர்களுக்கென்று தனித் தலைப்பு இருக்கும்.

இணையம் இல்லாமலேயே முடிக்கும் வழியும் உங்கள் கையில் இருக்கிறது. கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க் மெதுவாகிவிட்டது என்றுதான் சொன்னீர்கள். படிக்க முடியாமல் போய்விட்டது என்று சொல்லவில்லை. வெளியில் வைத்து யுஎஸ்பி வழியாக இணைக்கும் உறை ஒன்றில் அதைப் போட்டுச் செருகுங்கள். அதன் விண்டோஸ் கோப்புறைக்குள் 'சிஸ்டம்32', அதற்குள் 'டிரைவர்ஸ்டோர்', அதற்குள் 'ஃபைல்ரெபாசிட்டரி' என்று ஒரு கோப்புறை இருக்கும். இந்தக் கணினியில் இதுவரை வேலை செய்த டிரைவர்களின் முழுத் தொகுப்புகள் அங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, என் கணினியில் தேடு என்ற வழியைத் தேர்ந்து, அந்த ஃபைல்ரெபாசிட்டரி கோப்புறையைக் காட்டி, உட்கோப்புறைகளையும் சேர்த்துத் தேடும் பெட்டியில் குறியிட்டுவிட்டால், ஐடிக்குப் பொருந்தும் தொகுப்பை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். பழைய டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதியால்) பூட்டப்பட்டிருந்தால் மட்டும் முதலில் அதன் மீட்புச் சாவி தேவைப்படும்.

உறவினர் சொன்ன வகை மென்பொருளைத் தயவுசெய்து நிறுவாதீர்கள். எந்த டிரைவர் எங்கிருந்து வருகிறது என்பதை அவை காட்டுவதில்லை. சரியாக இயங்கிக்கொண்டிருக்கும் டிரைவரையும் காலாவதியானது என்று பயமுறுத்தி மாற்றச் சொல்வதும், கேட்காத மென்பொருள்களை உடன் ஏற்றுவதும் அவற்றில் சர்வசாதாரணம். கணினியின் ஆகக் கீழ்மட்டத்தில், முழு அதிகாரத்தோடு இயங்கும் கோப்பு டிரைவர். அதை யாரோ ஒருவரிடமிருந்து வாங்கக் கூடாது.

பொருநைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. ஹார்டுவேர் ஐடி கிடைத்துவிட்டது. முதல் வரி 'பிசிஐ\வென்_10இசி&டெவ்_சி821' என்று தொடங்குகிறது. கடைசி வரிகளில் ஒன்று 'சிசி_0280' என்று முடிகிறது. அன்னோன் டிவைஸைத் திறந்தால் அதன் ஐடி 'ஏசிபிஐ' என்ற சொல்லில் தொடங்குகிறது. வென், டெவ் எதுவும் இல்லை. யுஎஸ்பி டெதரிங் வழியாக இணையமும் வந்துவிட்டது. இனி எதையும் தொடுவதற்கு முன் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

செப்புக்கம்பி

நீங்கள் பதிந்த அந்த ஒரு வரி போதும். 10இசி என்பது ரியல்டெக். சி821 என்பது அதன் ஆர்டிஎல்8821சிஇ என்ற சிப். கடைசியில் வரும் 0280 சாதனத்தின் வகையைச் சொல்வது. வைஃபை கார்டுகள் பெரும்பாலும் இந்த வகையில்தான் தம்மைப் பதிவு செய்கின்றன, அதனால்தான் பெயர் தெரியாத நிலையில் விண்டோஸ் அதைப் பொதுவாக 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று அழைக்கிறது. கேபிள் செருகும் லேன் சிப்பாக இருந்தால் எண் 0200 என்றும் பெயர் 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்றும் வந்திருக்கும். இந்த வேறுபாட்டைப் பாராமல் ரியல்டெக் என்ற பெயரை மட்டும் பார்த்து லேன் டிரைவரை இறக்கி நிறுவிவிட்டு, வைஃபை இன்னும் வரவில்லையே என்று குழம்புகிறவர்களை அடிக்கடி காண்கிறேன். நிறுவல் நிரல் வெற்றி என்று சொல்லி முடிந்திருக்கும். ஆனால் அது வேறொரு சாதனத்துக்கானது.

ஆகவே நீங்கள் கண்ட மூன்றில் ரியல்டெக்கின் வைஃபை டிரைவரை, மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். நிறுவுவதற்கு முன் அது உங்கள் சிப்புக்குரியதுதானா என்று நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. இறக்கிய தொகுப்பைப் பிரித்தால் அதில் ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பும், எஸ்ஒய்எஸ் என்று முடியும் கோப்பும், சிஏடி என்று முடியும் கோப்பும் இருக்கும். எஸ்ஒய்எஸ் கோப்புதான் உண்மையில் இயங்கும் டிரைவர். சிஏடி அதன் டிஜிட்டல் கையொப்பம். ஐஎன்எஃப் என்பது சாதாரண உரைக்கோப்பு. அதை நோட்பேடில் திறந்து, உங்கள் ஐடியில் உள்ள டெவ் பகுதியை ஆங்கில எழுத்தில் உள்ளபடியே தேடுங்கள். அதே வென் எண்ணோடு சேர்ந்து உங்கள் டெவ் எண் ஒரு வரியிலாவது இருந்தால் அந்தத் தொகுப்பு உங்கள் சிப்பை அறியும். எத்தனை முறை தேடினாலும் கிடைக்கவில்லை என்றால், கோப்பின் பெயர் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் அது உங்களுக்கானதன்று. அதே கோப்பில் பிரிவுத் தலைப்புகளில் 'என்டிஏஎம்டி64' என்று இருந்தால் 64 பிட் விண்டோஸுக்கு உரியது, 'என்டிஎக்ஸ்86' என்று மட்டும் இருந்தால் 32 பிட்டுக்கு உரியது. ஏஎம்டி என்ற பெயரைக் கண்டு, எங்கள் பிராசஸர் இன்டெல் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். 64 பிட் கட்டமைப்புக்கு விண்டோஸ் வைத்திருக்கும் பெயர் அது, இன்டெல் கணினிகளுக்கும் அதுவேதான்.

நிறுவனத்தின் தளத்தில் உள்ள கோப்பு ஒத்துவராவிட்டால் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்தில் வென், டெவ் அடங்கிய அந்த வரியை அப்படியே இட்டுத் தேடலாம். அங்கே கிடைப்பது சிஏபி என்ற சுருக்கிய கோப்பு. அதைப் பிரித்து ஒரு கோப்புறையில் வைத்துவிட்டு, அப்டேட் டிரைவர் வழியாக அந்தக் கோப்புறையைக் காட்ட வேண்டும். சப்சிஸ் பகுதி உட்பட முழு வரியும் பொருந்தும் தொகுப்பு கிடைத்தால் அதையே முதலில் எடுங்கள். ஏனெனில் கணினி நிறுவனங்கள் தங்கள் ஆன்டெனா அமைப்புக்கும் மின்சேமிப்புக்கும் ஏற்ப அதில் சில மாற்றங்களைச் செய்திருக்கக்கூடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். 'பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன்' என்ற வழியில் சென்று, பொருந்தும் வன்பொருளை மட்டும் காட்டும் குறியை நீக்கிவிட்டு, பெயர் ஒத்துப்போகும் ஏதோ ஒரு டிரைவரை வலிந்து பொருத்த விண்டோஸ் அனுமதிக்கும். அதன் விளைவு நல்ல நேரத்தில் கோட் 10, கெட்ட நேரத்தில் நீலத்திரை.

அன்னோன் டிவைஸ் பிசிஐ சாதனம் அல்ல. ஏசிபிஐ என்று தொடங்குபவை மதர்போர்டோடு சேர்ந்த சிறு பகுதிகள்: விமானப்பயண முறைக்கான பொத்தான், சிறப்பு விசைகள் போன்றவை. அவற்றை மடிக்கணினி நிறுவனம் மட்டுமே தரும். அதே ஆதரவுப் பக்கத்தில் வயர்லெஸ் பட்டன் அல்லது ஹாட்கீ என்ற தலைப்பில் தேடுங்கள். வைஃபை டிரைவரை நிறுவிய பின்பும் வைஃபை அணைந்தபடியே இருந்தால் இந்தப் பொத்தான் டிரைவர் இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்பதால் அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம்.

கீழவீதி

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். கேள்வி நெருங்கியது என்பதால் கேட்கிறேன். எங்கள் தட்டச்சுப் பயிலகத்திலுள்ள மேசைக்கணினிக்காகப் பெயரில்லாத சிறிய யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கினோம். செருகினால் வைஃபைக்குப் பதிலாக ஒரு சிடி டிரைவ் தோன்றுகிறது. அந்தக் கணினியில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். இதற்கும் ஐடி பார்க்கும் முறை பொருந்துமா?

நாவல்மரம்

பொருந்தும். யுஎஸ்பி சாதனங்களில் 'வென்', 'டெவ்' என்பதற்குப் பதிலாக விஐடி, பிஐடி என்று இருக்கும். அவையும் நான்கு நான்கு குறிகள்தான். இந்த எண்களை வழங்குவது யுஎஸ்பி-ஐஎஃப் என்ற வேறு அமைப்பு என்பதால் ஒரே நிறுவனத்துக்கு இங்கே வேறு எண் இருக்கும். ரியல்டெக்கின் யுஎஸ்பி எண் 0பிடிஏ, ரேலிங்க்கின் எண் 148எஃப்.

உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளையைக் கொடுத்தால் இணைந்துள்ள சாதனங்களின் எண்கள் வரிசையாக வரும். டாங்கிளைக் கழற்றி ஒருமுறையும் செருகி ஒருமுறையும் கொடுத்துப் பார்த்தால் புதிதாகச் சேர்ந்த வரி எது என்று ஐயமின்றித் தெரிந்துவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் '0பிடிஏ:1ஏ2பி' என்று வரும் என எதிர்பார்க்கிறேன். அது வைஃபை சிப்பின் எண்ணே அன்று. விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் டாங்கிள்கள், செருகியவுடன் தங்களைச் சிடி என்று அறிவித்துக்கொள்ளும். அந்தச் சிடியை வெளியேற்றியதும்தான் வைஃபை சாதனமாக மாறித் தம் உண்மையான எண்ணைச் சொல்லும். லினக்ஸில் இந்த மாற்றத்தைச் செய்ய 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற தொகுப்பு இருக்கிறது. கோப்பு மேலாளரில் அந்தச் சிடி குறியின் மீது எஜெக்ட் கொடுத்தாலும் பல டாங்கிள்கள் மாறிவிடும். மாறிய பிறகு மீண்டும் எல்எஸ்யுஎஸ்பி கொடுத்து, அப்போது வரும் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

டாங்கிள்களில் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்பவே கூடாது என்பதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என். இதன் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) ஏற்கெனவே உள்ள ஏடிஎச்9கே-எச்டிசி டிரைவரோடு செருகியவுடன் இயங்கும், அதன் ஃபர்ம்வேரும் (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருளும்) திறந்த மூலத்தில் வெளியானது. இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக்கின் ஆர்டிஎல்8188இயுஎஸ் சிப்புக்கு மாறினார்கள். மாடல் பெயர் அப்படியே இருந்தது. முதல் பதிப்பின் எண் 0சிஎஃப்3:9271, அடுத்தவற்றின் எண் 2357:010சி. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்தப் பெயரை மட்டும் கேட்டு வாங்கியவர்களுக்கு, எதிர்பார்த்ததற்குத் தொடர்பே இல்லாத சிப் கைக்கு வந்தது. கட்டுரை எழுதியவர்களும் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை.

பொருநைக்கரையின் மடிக்கணினியில் பின்னாளில் லினக்ஸ் போடுவதாக இருந்தால் அதற்கும் சில வரிகள். 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையோடு என், என், கே என்ற எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், சிப்பின் எண்ணும், அதற்குத் தற்போது எந்த டிரைவர் பொருந்தியிருக்கிறது என்பதும் அடுத்தடுத்த வரிகளில் வரும். ஆர்டிஎல்8821சிஇ-க்கான ஆதரவு 5.9 கர்னலிலிருந்து ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவரில் இருக்கிறது. 5.4 கர்னலோடு வந்த உபுண்டு 20.04-இல் அதற்கெனத் தனியாக டிகேஎம்எஸ் தொகுப்பு (கர்னலுக்கு வெளியிலிருந்து சேர்க்கும் டிரைவர்) நிறுவ வேண்டியிருந்தது, 5.15 கர்னலோடு வந்த 22.04-இல் அந்தத் தேவை இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்து இன்றைய கர்னலிலும் அந்தத் தொகுப்பை நிறுவினால், ஒரே சிப்புக்கு இரண்டு டிரைவர்கள் போட்டியிட்டு இருந்த இணைப்பும் போய்விடக்கூடும். குறிப்பு எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் கட்டளைகளை ஒட்டாதீர்கள்.

லினக்ஸில் டிரைவரும் ஃபர்ம்வேரும் வெவ்வேறு என்பதையும் சொல்ல வேண்டும். டிரைவர் கர்னலில் இயங்குவது. ஃபர்ம்வேர் சிப்புக்குள் ஏற்றப்படுவது. டிரைவர் சரியாக இருந்தும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லாவிட்டால் வைஃபை எழாது. 'டிமெசெக்' கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடினால் எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்பதைப் பெயரோடு சொல்லியிருக்கும். டெபியன் என்ற லினக்ஸின் 12-ஆம் பதிப்பு 2023-இல் வந்தபோதுதான் முதன்முறையாக இத்தகைய ஃபர்ம்வேர்களை அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்த்தார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் வைஃபையை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட சிரமத்துக்கு இதுவே காரணம். எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வராவிட்டால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுத்துப் பாருங்கள். ஹார்டு பிளாக் என்பதன் எதிரே ஆம் என்றிருந்தால் எந்த மென்பொருளாலும் பயனில்லை, பொத்தானையோ விசையையோ அழுத்தித்தான் திறக்க வேண்டும்.

பொருநைக்கரை

செப்புக்கம்பி சொன்னபடி ரியல்டெக் தொகுப்பைப் பிரித்து, ஐஎன்எஃப் கோப்பில் எங்கள் எண் இருப்பதைப் பார்த்த பிறகே நிறுவினேன். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரி மறைந்து, நெட்வொர்க் அடாப்டர்கள் பட்டியலில் ரியல்டெக் 8821சிஇ என்ற முழுப் பெயரோடு வந்துவிட்டது. வீட்டு வைஃபையில் இப்போது இணைந்திருக்கிறது. ஆதரவுப் பக்கத்திலிருந்த வயர்லெஸ் பொத்தான் டிரைவரை நிறுவியதும் அன்னோன் டிவைஸும் போய்விட்டது. புதிய கார்டு வாங்கவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எங்கள் ரவுட்டர் இதைவிட அதிக வேகம் தரும் என்கிறார்கள். ஆனால் இணைப்பு வேகம் 433 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டவில்லை. வேறு டிரைவர் போட்டால் கூடுமா? அடுத்த முறை விண்டோஸை மாற்றும்போது இந்தத் தேடல் மீண்டும் நேராமல் இருக்க என்ன செய்வது?

செப்புக்கம்பி

433 என்பது இந்தச் சிப்பின் எல்லை. இது 802.11ஏசி வகையில் ஒரே அலைவரிசைப் பாதையில் அனுப்பிப் பெறும் சிப். எந்த டிரைவரும் அதை மீறவைக்க முடியாது. அந்த எண் வருகிறது என்பதே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முழுத் திறனோடு இணைந்திருக்கிறது என்பதற்குச் சான்று. கட்டளைச் சாளரத்தில் 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' என்று ஆங்கிலத்தில் இட்டால், டிரைவரின் தேதி, பதிப்பு, ஆதரிக்கும் வைஃபை வகைகள் அனைத்தும் வரும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட வகுப்புகளுக்கும் காணொளிக்கும் இந்த வேகம் தாராளம். அதற்காகக் கார்டை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறைக்கு: இப்போதே எல்லாம் சரியாக இயங்கும் நிலையில், நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'பிஎன்பியூடில்' கட்டளையில் 'எக்ஸ்போர்ட்-டிரைவர்' என்ற தேர்வையும் அதன்பின் நட்சத்திரக் குறியையும் ஒரு கோப்புறையின் பாதையையும் கொடுங்கள். அந்தக் கோப்புறையை முன்கூட்டியே உருவாக்கியிருக்க வேண்டும். விண்டோஸோடு வந்தவை தவிர நீங்கள் சேர்த்த டிரைவர்கள் அனைத்தும் ஐஎன்எஃப் கோப்புகளோடு அதற்குள் தனித்தனிக் கோப்புறைகளாக வந்துவிடும். அதை விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலேயே ஒரு மூலையில் வையுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டதால், கணினி அனுமதித்தால் 11-க்கு மாறும் நாள் தொலைவில் இருக்காது. 10-க்கான இந்த ரியல்டெக் தொகுப்பு பெரும்பாலும் 11-இலும் இயங்கும். 11-ஐப் புதிதாக நிறுவும்போது தொடக்க அமைப்பிலேயே இணைய இணைப்பைக் கேட்டு நிற்கும் என்பதால், அந்தச் சமயத்தில் போனையும் தகவல் செல்லும் கேபிளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழவீதி

நாவல்மரம் அவர்களுக்கு நன்றி. நீங்கள் எதிர்பார்த்த 0பிடிஏ:1ஏ2பி என்ற எண்தான் முதலில் வந்தது. எஜெக்ட் கொடுத்ததும் 0பிடிஏ:சி811 என்று மாறியது. பயிலகத்தில் இருப்பது உபுண்டு 22.04, வைஃபை இன்னும் வரவில்லை.

நாவல்மரம்

சி811 என்பது ரியல்டெக்கின் ஆர்டிஎல்8811சியு அல்லது 8821சியு. பொருநைக்கரையின் சிப்புக்கு யுஎஸ்பி வழியில் நெருங்கிய உறவு. ஆர்டிடபிள்யூ88 டிரைவரில் யுஎஸ்பி சாதனங்களுக்கான பகுதி 6.2 கர்னலில்தான் சேர்ந்தது. உங்களிடம் உள்ள 5.15-இல் அது இல்லை. வெளியிலிருந்து டிரைவரைத் தேடிச் சேர்ப்பதைவிட, 22.04-க்கு உபுண்டுவே தரும் எச்டபிள்யூஇ என்ற புதிய கர்னல் தொகுப்பை நிறுவுங்கள், அது 6.2-க்குப் பிந்தைய கர்னலைத் தரும். அதற்கான இணைய இணைப்புக்கு மலைக்கோட்டை சொன்ன யுஎஸ்பி டெதரிங் உபுண்டுவிலும் இயங்கும். நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்து, டாங்கிளை மீண்டும் செருகிய பிறகும் வராவிட்டால் டிமெசெக் வெளியீட்டின் கடைசிப் பகுதியை இங்கே பதியுங்கள்.